பக்கத்துச் சீற்றில் சோமண்ணை

போன கிழமை, இந்த வருடத்தின் முதல் பனி கொட்டிய காலையில் பிரியா எனக்குப் போன் எடுத்தாள். நான் ஓய்வு பெற்றபோது என்னிடம் கார் பழகிக்கொண்டிருந்த பெண்களையெல்லாம் பொறுப்பெடுத்தவள் அவள். இந்தப் பனி நாட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, பாதி வசனம் தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பாள்.

"அக்கா, இண்டைக்கு அஞ்சு லெஸன். அஞ்சும் கான்சல்! 'ஸ்னோ போகட்டும் பிள்ளை, ஏப்ரலிலை வாறன்' எண்டினம். ஐ டோன்ற் கெற் இற்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. இருபத்தைந்து வருடமாக நானும் அதே வசனத்தைத்தான் கேட்டேன். நம்முடைய சனம் கார் பழகுவது மே மாதத்தில். ரெஸ்ற் எடுப்பது செப்ரெம்பரில். பனியில் முதல் தரம் ஸ்ரியரிங்கைப் பிடிப்பது, லைசன்ஸ் கிடைத்த பிறகு, தனியே, பக்கத்தில் யாரும் இல்லாமல்.

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்று பிரியா கேட்டாள்.

சொல்ல வெட்கமாக இருந்தது. முதல் ஆறு வருடம் நானும் அவர்களோடு சேர்ந்து கான்சல் பண்ணினவள்தான். வெளியே பனி கொட்டினால் உள்ளே தேத்தண்ணி போட்டுக்கொண்டு யன்னலால் பார்த்துச் சந்தோசப்படுவேன். பிறகு ஏன் மாறினேன் என்பதை எழுதித் தருகிறேன் என்றேன். போனில் சொன்னால் இடையில் அழுதுவிடுவேன், அந்தப் பிள்ளை பயந்துபோகும்.

நான் கார் பழகியதே ஒரு கோபத்தில்தான். எனக்கு முதலில் பழக்கத் தொடங்கியவர் என் கணவர். ஒவ்வொரு சந்தியிலும் சத்தம். ஒரு நாள் கெனடி வீதியில் காரை ஓரமாக நிப்பாட்டி, திறப்பை உருவி அவர் மடியில் போட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த நாளே குணம் அண்ணையின் பயிற்சிப் பள்ளியில் பெயரைப் பதிந்தேன். லைசன்ஸ் எடுத்தேன். ஒரு வருடம் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். "பொம்பிளையளுக்குப் பழக்கப் பொம்பிளை ஒராள் வேணும், நீர் வாறீரோ?" என்று குணம் அண்ணை கேட்டபோது, பெட்டிகளுக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

குணம் அண்ணை ஊரில் பஸ் ஓட்டியவர். இங்கே கடைகள் நிறைந்த ஒரு பிளாசாவின் மாடியில் இரண்டு மேசையும் மூன்று காரும் வைத்துப் பள்ளியை நடத்தினார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம். நாங்கள் மூச்சுக் காட்டாமல் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

குளிர்காலத்தில் அவருக்கென்று சில சட்டங்கள் இருந்தன. முதலாவது, காரைக் குளிப்பாட்டுவது. அவர் சொல்லுவது அப்படித்தான். கூரை, பொனெற், முன் பின் கண்ணாடி, வெளிச்சங்கள், நம்பர் தகடு என்று ஒரு விரலளவு பனியும் மிஞ்சக்கூடாது. ஒரு நாள் நேரமாகிவிட்டதென்று முன்கண்ணாடியை மட்டும் சுரண்டிவிட்டுக் காரில் ஏறினேன். குணம் அண்ணை வந்து பக்கத்தில் இருந்தார்.

"பிளாசாவைச் சுத்தி ஒருக்கா ஓடும் பாப்பம்."

ஓடினேன்.

"இப்ப பிறேக்கைப் பிடியும்."

பிடித்தேன். கூரையில் கிடந்த பனி முழுக்க ஒரே சறுக்காக முன்கண்ணாடியில் வந்து விழுந்தது. வைப்பர் அசையமாட்டேன் என்றது. நான் குருடி மாதிரி இருந்தேன்.

"இது பிளாசா. இதே ஹைவேயிலை நடந்தால்?" என்றார். மூக்குக்கண்ணாடியைக்கூடத் துடைக்கவில்லை. அதற்குப் பிறகு என் காரின் கூரையில் பனி இருந்ததாகச் சரித்திரமே கிடையாது. முதல் குளிர்காலத்தில் உறைந்த கண்ணாடிக்குக் கேத்திலால் சுடுதண்ணி ஊற்றி அதைப் பிளக்கவைத்த கெட்டிக்காரியும் நான்தான் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது சட்டம், ஏறமுதல் சப்பாத்தைத் தார் றோட்டில் தேய்த்து வழுக்குகிறதா என்று பார்ப்பது. "காலுக்குத் தெரியாதது ரயருக்கும் தெரியாது" என்பார். மூன்றாவது, முன்னால் போகும் காருக்கும் நமக்கும் இடையில் எண்ணுவது. முன்கார் ஒரு விளக்குக் கம்பத்தைக் கடந்தால், நாம் அதே கம்பத்துக்கு வர மூன்று எண்ணவேண்டும். பனியென்றால் ஆறு, அதற்கு மேலே போனாலும் குற்றமில்லை. இடையில் யாராவது புகுந்தால் திட்டாமல் திரும்ப ஒன்றிலிருந்து எண்ணவேண்டும். இந்தத் திட்டாமல் என்ற பகுதி எனக்கு இன்றுவரை வரவில்லை.

நாலாவதுதான் முக்கியமானது. முதல் பனி கொட்டிய ஞாயிற்றுக்கிழமை, பிளாசாக்காரரிடம் அனுமதி வாங்கி, பின்பக்க வெறும் கார்த் தரிப்பிடத்தில், பழக்குகிற எங்கள் எல்லோரையும் வேண்டுமென்றே காரை வழுக்கவைத்துப் பார்க்கச் சொல்லுவார். அதற்கு நான் ஒரு முறையும் போனதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், எனக்குத் தலையிடி, கோயிலில் பூசை என்று ஒவ்வொரு வருடமும் ஒரு சாட்டு. உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். பனியில் ஊர்ந்து ஊர்ந்து வேலைக்கு வந்து போவேன், ஆனால் கார் கையை மீறிப் போகும் அந்த இடத்தை எட்டிக்கூடப் பார்க்கமாட்டேன்.

இப்படியிருந்த ஒருத்தியிடம்தான் பூமணி அக்கா பழக வந்தார்.

அவருக்கு அப்போது ஐம்பத்துநாலு வயது. டோர்செட் பார்க் பகுதியில் ஒரு மாடிக் கட்டடத்தில், ஒன்பதாம் மாடியில் கணவரோடு இருந்தார். கணவர் சோமண்ணை இருபது வருடம் இங்கே வான் ஓட்டிப் பொருள் விநியோகம் செய்தவர். சீனி வியாதி முதலில் அவருடைய கண்ணை எடுத்தது, பிறகு சிறுநீரகத்தை. வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும்தான் தெரியும். கிழமைக்கு மூன்று காலை மோர்னிங்சைட் பக்கமுள்ள ஒரு நிலையத்தில் டயாலிசிஸ் செய்யவேண்டும். நோயாளர்களை ஏற்றும் வான் ஒன்று இருந்தது. வழியில் நாலு பேரை ஏற்றி இறக்கி வீட்டுக்கு வந்துசேர மனிதர் துவண்டுபோய்விடுவார். ஒரே மகள் தூரத்தில், ஸ்ரௌவ்வில்லில், வேலையும் இரண்டு கைக்குழந்தைகளுமாக இருந்தாள்.

"தங்கச்சி, நான் பாஸ் பண்ணாட்டில் உவர் உந்த வானுக்குள்ளையே போய்முடிஞ்சிடுவார்" என்று முதல் நாளே சொன்னார் பூமணி அக்கா. மே மாதம் தொடங்கினோம். டயாலிசிஸ் நிலையத்துக்குப் போகும் வழியை மட்டும் இருபது முறை ஓடியிருப்போம். எல்ஸ்மியர் வீதியால் கிழக்கே போய், மோர்னிங்சைட்டில் வலப்பக்கம் திரும்பி, பள்ளத்தாக்குக்குள் இறங்கி, பாலத்தைக் கடந்து, ஏறவேண்டும். செப்ரெம்பரில் முதல் தரமே பாஸ். எனக்கு ஒரு பெட்டி மட்டன் றோல்ஸ் வந்தது. நான் தலைகால் தெரியாத பெருமையில் அதில் பாதியைக் காரிலேயே தின்று முடித்தேன்.

டிசம்பர் தொடக்கத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலை, பூமணி அக்காவின் போன் வந்தது. "தங்கச்சி, கார் வழுக்கிப்போட்டுது" என்று மட்டும் சொன்னார். பிறகு அழுகை.

நான் போய்ச் சேர்ந்தபோது கார் பள்ளத்தாக்குப் பாலத்துக்குச் சற்று முன்னால், நடைபாதையில் ஏறி, குவிந்திருந்த பனிக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. யாருக்கும் காயமில்லை. சோமண்ணை அம்புலன்ஸில் போர்வையோடு இருந்து கத்திக்கொண்டிருந்தார். "நான் பிறேக் எண்டு சொன்னனான். உவள் பிடிக்கேல்லை!"

"பிடிச்சனான்!" என்றார் பூமணி அக்கா. "இவர் பிறேக் எண்டார். இறுக்கி மிதிச்சன். காலுக்குக் கீழை கடகடவெண்டு அடிச்சுது. கார் உடையுதாக்கும் எண்டு காலை எடுத்திட்டன்."

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. வழுக்கும்போது பிறேக்கை முழுதாக மிதித்தால், கார் தானாகவே அதை விட்டு விட்டுப் பிடிக்கும். அந்த நேரம் மிதிக்குக் கீழே கடகடவென்று அடிக்கத்தான் செய்யும். காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். காய்ந்த றோட்டில், வெயில் நாளில், அந்தக் கடகடப்பு ஒரு நாளும் வராது. ஆகவே நான் அவருக்கு அதைக் காட்டியதே இல்லை.

இதற்குள் இன்னொரு விசயமும் வெளியே வந்தது. பூமணி அக்கா லைசன்ஸ் எடுத்த நாளிலிருந்தே, கண் தெரியாத சோமண்ணைதான் பக்கத்துச் சீற்றில் இருந்து காரை ஓட்டிக்கொண்டிருந்தாராம்! அவ்வளவு வருடம் ஓடிய வழி, உடம்புக்கு மனப்பாடம். "இப்ப சிக்னல் வரும், மெதுவாக்கும். இப்ப திரும்பும். இப்ப பிறேக்." பூமணி அக்கா றோட்டைப் பார்த்ததைவிட அவருடைய வாயைக் கேட்டதுதான் அதிகம். பனியில் கார் மெதுவாகப் போக, சோமண்ணையின் கணக்கு பிசகிவிட்டது. மிதிக்கக்கூடாத இறக்கத்தில் மிதிக்கச் சொன்னார். முப்பது வருடம் கேட்ட குரலல்லவா, பூமணி அக்காவும் மிதித்துவிட்டார்.

பூமணி அக்கா திறப்பை என் கையில் திணித்தார். "எனக்கு இது வேண்டாம்."

அன்று சோமண்ணைக்கு டயாலிசிஸ் தவறியது. அடுத்த நாள் மூச்சு வாங்கத் தொடங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மகள் ஓடி வந்தாள். அவளிலும் பிழையில்லை, பயந்துபோயிருந்தாள். "அப்பாவை டயாலிசிஸ் வசதியிருக்கிற ஒரு இல்லத்திலை விடுவம். அம்மா என்னோடை வந்து இருக்கட்டும்" என்றாள். சோமண்ணை கட்டிலில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "தை மாதம் முடியுமட்டும் பாப்பம். அதுக்குப் பிறகு பதியிறதுதான்" என்று மகள் சொல்லிவிட்டுப் போனாள்.

நான் நேரே குணம் அண்ணையிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். ஞாயிற்றுக்கிழமைச் சாட்டுகள் உட்பட. அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்தார். அவ்வளவு நேரம் அவர் துடைத்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

"பிள்ளை, நீர் அவவுக்கு மே மாதம் ஓடத்தான் பழக்கியிருக்கிறீர். அந்த மனிசனுக்கு டிசம்பரிலையும் ரத்தம் சுத்திகரிக்கோணும்."

அவர் அடித்திருந்தால்கூட அவ்வளவு நோகாது.

அடுத்த ஞாயிறு நான் முதல் ஆளாகத் தரிப்பிடத்தில் நின்றேன். குணம் அண்ணை என்னை அரை நாள் வழுக்கவைத்தார். காரின் பின்பக்கம் இடப்பக்கமாக விலகும்போது மூளை ஒன்று சொல்லும், கை இன்னொன்று செய்யும். "போக வேண்டிய இடத்தைப் பாரும். இடிக்கப் போற இடத்தைப் பாராதையும். கண் போற பக்கம் கை போகும்" என்றார். பத்தாவது தரம் கார் நேரானபோது நான் சின்னப் பிள்ளை மாதிரிக் கூச்சல் போட்டேன். பயம் போகவில்லை, ஆனால் பயத்தோடு என்ன செய்வதென்று தெரிந்துவிட்டது.

சோமண்ணை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபின், பூமணி அக்காவைத் திரும்பக் காரில் ஏற்ற மூன்று நாள் அவருடைய வாசலில் போய் நின்றேன். மூன்றாம் நாள் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். பின்னால் கோலைத் தட்டிக்கொண்டு சோமண்ணையும் வந்தார்.

"நானும் வருவன். நான் இல்லாமல் உவள் என்னெண்டு ஓடுறது?"

தரிப்பிடத்தில் பூமணி அக்கா ஸ்ரியரிங்கில், நான் பக்கத்தில், சோமண்ணை பின்னால். குணம் அண்ணை வெளியே பனித்தொப்பியோடு நின்றார். மெதுவாக ஓடி, பிறேக்கை முழுதாக மிதித்து, கடகடவென்று அடித்தாலும் காலை எடுக்காமல் இருக்கப் பழக்கினேன். ஆனால் ஒவ்வொரு முறையும் நான் வாயைத் திறக்கமுதல் பின்னாலிருந்து "பிறேக்! பிடியும், பிறேக்!" என்று சத்தம். பூமணி அக்கா பாதியிலேயே காலை எடுத்துவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார். எனக்கு என் கணவரும் கெனடி வீதியும் ஞாபகம் வந்துவிட்டது.

"சோமண்ணை, கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருங்கோ!" என்று கத்திவிட்டேன்.

பிறகு சோமண்ணை மெல்லச் சொன்னார்.

"இருபது வருசம் வான் ஓடினனான் தங்கச்சி. ஒரு கீறல் இல்லை. இப்ப ஒரு கோப்பை தேத்தண்ணி ஊத்தேலாது எனக்கு. உவளுக்கு வழி சொல்லுறது ஒண்டுதான் மிச்சம். அதையும் பறிக்கிறியளோ?"

என் நாக்கை அறுத்து எறியலாம் போல இருந்தது. பூமணி அக்கா ஸ்ரியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதார்.

குணம் அண்ணை பின்கதவைத் திறந்து சோமண்ணைக்குப் பக்கத்தில் ஏறி இருந்தார். தொப்பியிலிருந்த பனியைத் தட்டினார். "சோமு, உமக்குக் காது எப்பிடி?" என்று கேட்டார்.

"காதுக்கு என்ன? பக்கத்து வீட்டிலை தோசை சுடுறதும் கேக்கும்."

"அப்ப ரயரைக் கேளும். பூமணி, நீர் மெல்ல ஓடும்."

கார் நகர்ந்தது. சோமண்ணை தலையைச் சாய்த்துக் கேட்டார். "நொறுநொறு எண்டுது."

"அது புதுப் பனி. பிடிமானம் இருக்கு. இன்னும் போம்."

"இப்ப சளசள."

"கரைஞ்ச பனி. அதுக்குள்ளை திடீரெண்டு திருப்பக்கூடாது."

தரிப்பிடத்தின் மூலையில், கூரைத் தண்ணீர் வடிந்து உறைந்த ஒரு துண்டு நிலம் இருந்தது. பார்த்தால் வெறும் தார் மாதிரிக் கறுப்பாகத்தான் தெரியும். கார் அதில் ஏறியது.

"இப்ப..." என்று சோமண்ணை நிறுத்தினார். "இப்ப சத்தமில்லை."

"அதுதான் ஐஸ்" என்றார் குணம் அண்ணை. "நாங்கள் கண்ணாலை தேடிக்கொண்டிருப்பம். உமக்கு முதல் கேட்டிடும். இனிமேல் காதிலை கேக்கிறதைச் சொல்லும். அவவின்ரை காலுக்கு உத்தரவு போடாதையும்."

அன்றிலிருந்து அதுதான் ஒப்பந்தம். சோமண்ணை சத்தத்தைச் சொல்லுவார். என்ன செய்வதென்று பூமணி அக்கா முடிவெடுப்பார். சத்தமில்லை என்று கேட்டால் இரண்டு காலையும் சும்மா வைத்துக்கொண்டு, ஸ்ரியரிங்கை நேரே பிடித்து, அந்த இடத்தைக் கடந்துபோக விடவேண்டும். காருக்குக் குளிர்கால ரயர்களும் போட்டார்கள். மூன்று கிழமை நான் கூடப் போனேன், பின் சீற்றில். சோமண்ணையை முன்னால் இருத்தினேன். பள்ளத்தாக்கு இறக்கத்துக்கு எவ்வளவோ முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, பிறேக்கைத் தொடாமல் இறங்க பூமணி அக்கா பழகிவிட்டார். சோமண்ணை சிலவேளை பழக்கதோசத்தில் "பிறே..." என்று தொடங்குவார். பூமணி அக்கா கண்ணை றோட்டிலிருந்து எடுக்காமலே "ம்?" என்பார். மனிதர் இருமுவது போலச் சமாளிப்பார்.

பிறகு அவர்கள் தனியே போகத் தொடங்கினார்கள். போய்ச் சேர்ந்ததும் எனக்குப் போன் அடிக்கவேண்டும் என்பது என் கட்டளை. போன் வரும்வரை எனக்கு வீட்டில் கையும் ஓடாது, காலும் ஓடாது.

தை மாதக் கடைசிக் கிழமையில், முதல் நாள் மழை பெய்து விடிய உறைந்த ஒரு காலை. ஏழு மணிக்கு வரவேண்டிய போன் வரவில்லை. ஏழே கால். ஏழரை. நான் கோட்டைப் போட்டுவிட்டேன், திறப்பைத் தேடிக்கொண்டு நிற்கும்போது போன் அடித்தது.

"தங்கச்சி, நான் இன்னும் போகேல்லை." என்றார் பூமணி அக்கா. "எல்ஸ்மியரிலை வரேக்கை ரெண்டு தரம் சத்தமில்லை எண்டார். அப்ப பள்ளத்துக்குள்ளை எப்பிடியிருக்கும்? மோர்னிங்சைட்டுக்கு முன்னாலை ஒரு பிளாசாவுக்குள்ளை விட்டு நிப்பாட்டிப்போட்டன். டயாலிசிஸுக்குப் போன் அடிச்சன். ரெண்டு மணித்தியாலம் பிந்தினாலும் எடுப்பினமாம். ஐஸைக் கரைக்க உப்புப் போடுற லொறி வந்துபோனாத்தான் நான் இறங்குவன். தங்கச்சி, மகள் கேட்டால் என்ன சொல்லுவாளோ தெரியேல்லை. நான் செய்தது பிழையே?"

யாரும் சொல்லிக்கொடுக்காமல், யாரையும் கேட்காமல், காரை நிப்பாட்டும் முடிவை அவரே எடுத்திருந்தார். பிழையில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சோமண்ணையின் குரல் போனில் கேட்டது.

"தங்கச்சி, என்னைக் கேட்டால் இறங்கிப் போகலாம் எண்டுதான் சொல்லுவன். ஆனா என்னை ஒருதரும் கேக்கேல்லை. கேக்கத் தேவையுமில்லை. உவதான் டிரைவர்."

ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் போன் வந்தது. நான் அப்போதும் கோட்டைக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்து அழுதுகொண்டிருந்தேன். தை முடிந்தது. தாய் காரை நிப்பாட்டிய கதையைக் கேட்ட மகள் எந்த இல்லத்திலும் பெயரைப் பதியவில்லை. சோமண்ணை அதற்குப் பிறகும் நாலு குளிர்காலம் அந்த ஒன்பதாம் மாடி வீட்டிலேயே இருந்தார், கிழமைக்கு மூன்று காலை மனைவி ஓட்டும் காரில் ரயர்ச் சத்தத்தைச் சொல்லிக்கொண்டே போய் வந்தார். அதற்குப் பிறகு பனிக்காக நான் ஒரு லெஸனும் கான்சல் பண்ணியதில்லை, பிரியா.